முதலில் கேள்வி, அப்புறம் தண்டனை: வாலா வாலா லிங்கன் பள்ளி – ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு பையன் வகுப்பில் ஆசிரியரைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டான். தலைமை ஆசிரியர் அறைக்கு அனுப்பினார்கள். இதற்கு என்ன நடக்கும் என்பது அவனுக்கு மனப்பாடம். நாலு திட்டு விழும், அப்புறம் சஸ்பெண்ட் செய்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அதற்குத் தயாராக, முகத்தை இறுக்கிக்கொண்டுதான் போய் உட்கார்ந்தான்.

தலைமை ஆசிரியர் குரலை உயர்த்தவில்லை. உனக்கு ஒன்றும் இல்லையே, நீ இப்படிப் பேசுகிற பையன் இல்லையே, என்ன ஆச்சு என்று கேட்டார். கோபம் ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனையில் இருக்கிறது, ஒரு எண் சொல் என்றார். திட்டு வாங்கத் தயாராக வந்தவனுக்கு இந்தக் கேள்விகளுக்குப் பதில் தயாராக இல்லை. உடைந்துவிட்டான். அப்பா குடிகாரர், பிறந்ததிலிருந்து வாக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பார், எதையும் காப்பாற்றியதில்லை என்று ஆரம்பித்து வீட்டுக் கதை முழுவதையும் கொட்டினான். கொட்டித் தீர்ந்ததும், டீச்சரிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது என்று அவன் வாயாலேயே சொன்னான். பிறகு யாரும் சொல்லாமலே போய் மன்னிப்பும் கேட்டான்.

தண்டனை இல்லாமல் விட்டுவிடவில்லை. ஆனால் அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. பள்ளிக்குள்ளேயே ஓர் அமைதியான அறையில், ஓர் ஆசிரியரின் துணையோடு உட்கார வைத்தார்கள்.

இது நடந்தது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், வாலா வாலா என்ற ஊரின் லிங்கன் உயர்நிலைப் பள்ளியில். தலைமை ஆசிரியர் ஜிம் ஸ்போர்லெடர். 2010-இல் அவர் இந்த முறையைக் கையில் எடுத்தபோது முதன்முதலாகச் செய்து பார்த்தது இது. அதிலிருந்து அந்தப் பள்ளியில் நடந்ததைப் பல நாடுகளின் ஆசிரியர்கள் படித்துவிட்டார்கள். 2015-இல் ஓர் ஆவணப்படமும் வந்தது. இந்தக் கதையைக் கேட்ட பலரும் ‘அன்பாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் இருபது வருடத்துக்கு மேலாக நடுநிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். எனக்கு அதில் தெரிவது வேறு. அங்கே மாறியது வரிசை. முன்பு தண்டனை முதலில் வரும், கேள்வி வராமலே போய்விடும். பிறகு கேள்வி முதலில் வந்தது, தண்டனை அதற்கு அடுத்து வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தைக் கொண்டுவர ஒரு பள்ளி முழுவதும் என்ன பாடுபட வேண்டியிருந்தது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

ஊரும் பள்ளியும்

வாலா வாலா பெரிய ஊர் இல்லை. முப்பதாயிரத்துச் சொச்சம் பேர். சுற்றிலும் கோதுமை வயல், திராட்சைத் தோட்டம். அந்த ஊர் வெங்காயம் இனிப்புக்குப் பேர்போனது. 2007-இல் வாஷிங்டனின் மாநிலக் காய்கறியாகவே அறிவித்தார்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. மாநிலத்தின் பழைய பெரிய சிறைச்சாலை அங்கேதான் இருக்கிறது.

லிங்கன் ஒரு ‘மாற்றுப் பள்ளி’. மற்ற பள்ளிகளில் நிற்க முடியாத, அவை வைத்துக்கொள்ளாத பிள்ளைகள் வந்து சேரும் இடம். நீதிபதி உத்தரவு போட்டு அனுப்பிய பிள்ளைகளும் உண்டு. மொத்தம் இருநூறு பேர் அளவில். ஸ்போர்லெடர் 2007-இல் பொறுப்பேற்றபோது ஐந்து ரௌடிக் கும்பல்கள் அந்தச் சின்னப் பள்ளியைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளப் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. அவரும் கண்டிப்பான ஆள்தான். விதியை மீறினால் வெளியே.

வாஷிங்டன் மாநிலம் பள்ளிகளில் அடிப்பதை 1993-லேயே தடை செய்துவிட்டது. அதனால் லிங்கனில் பிரம்புப் பிரச்சினை இல்லை. பிரம்பு போன இடத்தில் வந்து உட்கார்ந்தது வெளியே அனுப்புவது. 1990-களில் அமெரிக்கா முழுவதும் ‘கொஞ்சமும் பொறுத்துக்கொள்ள மாட்டோம்’ என்கிற கொள்கை பள்ளிகளில் பரவியிருந்தது. ஆயுதம் கொண்டுவருகிறவர்களுக்காக வந்த விதி, வாய்த்துடுக்குக்கும் வகுப்பை விட்டு எழுந்து போவதற்கும் நீண்டது.

லிங்கனின் 2009–10 கணக்கு இது: சஸ்பெண்ட் ஆகி மாணவர்கள் பள்ளிக்கு வெளியே இருந்த நாட்கள் 798. பள்ளியை விட்டே நீக்கியது 50. ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்த புகார்கள் 600. வருடத்துக்கு 180 பள்ளி நாள் என்று வைத்தால், இருநூறு பேரில் தினமும் நாலைந்து பேர் தண்டனையாக வீட்டில் இருந்திருக்கிறார்கள்.

வீட்டில் என்று எழுதுகிறேன். அங்கே என்ன இருந்தது என்பதுதான் விஷயமே. வகுப்பில் வெடிக்கிற பிள்ளைகளில் பலருக்கு வெடிமருந்து சேருகிற இடமே வீடுதான். அங்கேயே திருப்பி அனுப்புகிறோம். அதுவும் பெரியவர்கள் யாரும் கவனிக்காத பகல் பொழுதில்.

நாங்கள் செய்தது

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் சஸ்பெண்ட் என்ற பேச்சு அவ்வளவாக இல்லை. அதற்குப் பதில் ஒரு வாக்கியம் இருக்கிறது: “அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்தாத்தான் கிளாஸ்.”

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஜாமெட்ரி பாக்ஸைத் தூக்கி எறிந்தான். பக்கத்து வரிசைப் பெண்ணின் புருவத்துக்கு மேல் பட்டு ரத்தம் வந்துவிட்டது. நான் பயத்திலும் கோபத்திலும் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவன் பையை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த நாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான்காம் நாள் எங்கள் ஹெச்.எம். பள்ளிக்குப் பின்னால் இருக்கிற சைக்கிள் ஷெட்டில் அவனைக் கண்டுபிடித்தார். தினமும் காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கிளம்பி, அந்த ஷெட்டில் உட்கார்ந்திருந்து, மணி அடித்ததும் வீட்டுக்குப் போயிருக்கிறான். சாப்பாட்டு மணிக்குக்கூட உள்ளே வரவில்லை. சத்துணவுக்குத் தட்டு எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றால் நான் பார்த்துவிடுவேன் என்று பயம்.

அவனுக்குக் கூட்டிக்கொண்டு வர அப்பா இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பே வீட்டை விட்டுப் போய்விட்டார். என் அட்டெண்டன்ஸில் அப்பா பெயர் இருந்தது, நான் அதை மட்டும் பார்த்திருந்தேன். இல்லை என்று என்னிடம் சொல்வதைவிட மூன்று நாள் பட்டினியாக ஷெட்டில் உட்காருவது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் காயத்துக்கும் நான் மருந்து போட்டதோடு சரி. இருவருக்கும் நடுவில் என்ன நடந்தது என்று இருவரிடமும் நான் கேட்கவே இல்லை.

ஸ்போகேனில் கேட்ட பேச்சு

2010 வசந்த காலத்தில் ஸ்போர்லெடர் ஸ்போகேன் நகரில் ஒரு கருத்தரங்குக்குப் போனார். மூளை வளர்ச்சியை ஆராயும் உயிரியலாளர் ஜான் மெடினா அங்கே பேசினார். தொடர்ந்து பயத்தில் வாழும் பிள்ளையின் உடம்பில் அழுத்தச் சுரப்பிகள் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். அந்த நிலையில் மூளையால் புதிதாக எதையும் வாங்கிக்கொள்ள முடியாது என்பது அவர் சொன்னதன் சாரம். ஸ்போர்லெடரை அது உலுக்கிவிட்டது. திமிர், வேண்டுமென்றே செய்கிறான் என்று இத்தனை வருடம் தண்டித்ததில் பெரும்பகுதி, பிள்ளையின் கட்டுப்பாட்டிலேயே இல்லாத ஒன்று என்று அவருக்குப் பட்டது.

அந்த அறிவியலை நம் பழமொழி ஒன்று முன்பே சொல்லிவைத்திருக்கிறது: அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கிற பகுதி ஒன்று இருக்கிறது, அமிக்டலா என்பார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளைப் பகுதி, யோசித்து நிதானித்து முடிவெடுக்கிற வேலையைச் செய்கிறது. ஆபத்து என்று தோன்றிவிட்டால் முதல் பகுதி கையை ஓங்கிவிடும், இரண்டாவது பின்வாங்கிவிடும். பாம்பைப் பார்த்துக் குதிக்கிற நேரத்தில் யாரும் யோசிப்பதில்லை. இது எல்லோருக்கும் பொது. ஆனால் தினமும் பயத்தில் வளர்கிற பிள்ளைக்கு அந்த மோப்பம் எப்போதும் விழித்தபடியே இருக்கிறது.

எங்கள் பள்ளியில் ஒரு சிறுமி சொன்னாள்: அப்பாவின் டிவிஎஸ் 50 வாசலில் வந்து நிற்கிற சத்தத்தை வைத்தே அவர் எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன் மிஸ். ஸ்டாண்டு ஒரே உதையில் விழுந்தால் பரவாயில்லை. இரண்டு மூன்று முறை உதைக்கிற சத்தம் கேட்டால் தம்பியைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவேன். ஒன்பது வயதுப் பிள்ளை. அவ்வளவு கூர்மையான காது உள்ள பிள்ளை வகுப்பில் வந்து உட்கார்ந்து, நான் டஸ்டரை மேஜையில் தட்டுகிற சத்தத்தைக் கேட்டால் அவள் உடம்பு என்ன செய்யும்?

சண்டை போடும், ஓடும், இல்லையென்றால் உறைந்துவிடும். சண்டையை அடங்காமை என்கிறோம், ஓட்டத்தை ஒழுங்கீனம் என்கிறோம். உறைந்து நிற்பதைப் பார்த்தால்தான் நமக்கு அதிகக் கோபம் வருகிறது. “கேட்டுக்கிட்டே இருக்கேன், வாயில என்ன கொழுக்கட்டையா?” என்கிறோம். அந்த நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு வார்த்தை வராது. வராத வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அடுத்த குற்றத்தையும் நாமே உண்டாக்குகிறோம்.

அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர் புரூஸ் பெரி இதற்கு ஒரு வரிசை சொல்கிறார். முதலில் உடம்பு அடங்க வேண்டும். அடுத்து, எதிரில் இருப்பவர் தன் பக்கம்தான் என்ற உணர்வு வர வேண்டும். நியாயம் பேசுவது மூன்றாவது. நாம் நேராக மூன்றாவதில் ஆரம்பிக்கிறோம். ‘நீ செய்தது சரியா? சொல்லு, சரியா?’ அடங்காத உடம்புக்குள் அந்தக் கேள்வி போய்ச் சேர்வதே இல்லை.

பத்துக் கேள்விகள்

லிங்கனின் மாற்றத்துக்குப் பின்னால் இன்னொரு ஆய்வும் நிற்கிறது. சான் டியாகோவில் எடை குறைப்பு மருத்துவமனை ஒன்றை நடத்திய டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி, 1980-களில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். நன்றாக எடை குறைந்துகொண்டு வந்தவர்களே சிகிச்சையை விட்டுப் போனார்கள். அவர்களிடம் பேசிப் பார்த்தபோது பலருக்குச் சிறுவயதில் பாலியல் கொடுமை நடந்திருந்தது தெரிந்தது. பிறகு ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவ ஆய்வாளரோடு சேர்ந்து, கைசர் பெர்மனென்டே மருத்துவக் காப்பீட்டில் இருந்த 17,000-க்கும் மேற்பட்டவர்களின் சிறுவயதை ஆராய்ந்தார். அடி, வசவு, பாலியல் கொடுமை, உடல் தேவைகளைக் கவனிக்காமை, அன்பு காட்டாமை, வீட்டில் குடி, அம்மா அடி வாங்குவது, பெற்றோர் பிரிவு, மனநோய், சிறை என்று பத்து வகை. முதல் கட்டுரை 1998-இல் வந்தது. 17,000 பேரின் மொத்தக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு ஒன்றாவது இருந்தது. எட்டில் ஒருவருக்கு நான்கோ அதற்கு மேலோ இருந்தது. எண்ணிக்கை கூடக் கூடப் பிற்கால நோய்களும் குடிப்பழக்கமும் தற்கொலை முயற்சிகளும் கூடின. இவர்கள் ஏழைகளும் இல்லை. பெரும்பாலோர் கல்லூரி பார்த்த, காப்பீடு வைத்திருந்த நடுத்தர வர்க்கம்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி இந்தப் பத்துக் கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடக் கிளம்பிவிடக் கூடாது. கூட்டத்தைப் பற்றிச் சொல்லத்தான் அந்த எண் உதவும், ஒரு தனி ஆளின் தலைவிதியைச் சொல்ல உதவாது என்று 2020-இல் ஆண்டாவே எழுதினார். எந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று துருவாமலே, எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே நிதானத்தோடு நடந்துகொள்ளலாம். என் அனுபவத்தில் அதுவே போதும்.

லிங்கன் என்ன செய்தது

ஸ்போகேனில் இருந்த வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகக் குழு ஒன்றின் உதவியோடு ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. கையாளச் சொன்ன விதிகள் இரண்டுதான். முதல் விதி, கொதித்துப்போயிருக்கிற பிள்ளை சொல்கிற எதையும் உன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி வழிந்து போகட்டும். இரண்டாவது, அவன் செய்வதை நீயும் செய்யாதே. அவன் கத்தினால் நீ கத்தாதே. மூச்சை இழுத்து விடு, புயல் ஓயட்டும். பிறகு கேள்: என்ன ஆச்சு, பேச விருப்பமா?

படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவன் உங்களை அசிங்கமாகத் திட்டினால், மீதி முப்பத்தொன்பது பேரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். விட்டுக்கொடுத்தால் இனி எவனும் மதிக்க மாட்டான் என்று உள்ளுக்குள் ஒரு குரல் அலறும். என்னைக் கேட்டால் இந்த முறையில் ஆகக் கடினமான பகுதி பிள்ளைகளிடம் இல்லை. ஆசிரியரின் நெஞ்சுப் படபடப்பு அடங்குகிற அந்த அரை நிமிஷத்தில் இருக்கிறது. நம்மில் பலர் அடி வாங்கியே படித்தவர்கள். அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்தவர்கள். “கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்” என்று பெற்றோர் சொல்லிவிட்டுப் போனதைக் கேட்டுக்கொண்டு நின்ற பிள்ளைகள் நாம். அந்தப் பிள்ளை இன்னும் நமக்குள் இருக்கிறது. வகுப்பில் ஒருவன் குரலை உயர்த்தும்போது நடுங்குவது சில சமயம் அதுதான்.

லிங்கனில் வெளியே அனுப்புவதற்குப் பதிலாக வந்தது, முதலில் சொன்ன அந்த அறை. தண்டனைக் காலத்தை அங்கே கழிக்க வேண்டும். விட்டுப்போன வீட்டுப்பாடத்தை முடிக்கலாம், அங்கிருக்கும் ஆசிரியரிடம் எதை வேண்டுமானாலும் பேசலாம், சும்மா உட்கார்ந்து அடுத்த முறை என்ன செய்யலாம் என்று யோசிக்கலாம். பள்ளியை ஒட்டி இலவச மருத்துவ நிலையம் ஒன்றும் இயங்கியது. காய்ச்சலுக்கும் போகலாம், மனநல ஆலோசகரைப் பார்க்கவும் போகலாம். இந்த நிலையத்தை விட்டுவிட்டு லிங்கன் கதையைச் சொல்வது பாதிக் கதை. கேள்வி கேட்பது ஆசிரியர் கையில் இருக்கிறது. பதிலாக வருவதைத் தாங்க ஆசிரியர் மட்டும் போதாது.

எண்கள் என்ன சொல்கின்றன

அடுத்த வருடம், 2010–11-இல், வெளியே இருந்த நாட்கள் 798-இலிருந்து 135 ஆகின. நீக்கம் 50-இலிருந்து 30. எழுத்துப் புகார்கள் 600-இலிருந்து 320.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு மூன்றாவது எண்தான் முக்கியம். வெளியே அனுப்புவதா வேண்டாமா என்பது பெரியவர்களின் முடிவு. நாளை முதல் யாரையும் அனுப்பமாட்டோம் என்று முடிவெடுத்தால் அந்த எண் தானாக விழுந்துவிடும். அதை வைத்துப் பிள்ளைகள் மாறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. புகார்கள் பிள்ளைகளின் நடத்தைக்கு இன்னும் நெருக்கமானவை. அவை பாதியளவுக்குக் குறைந்திருக்கின்றன என்றால் வகுப்பறைக்குள்ளேயே ஏதோ மாறியிருக்கிறது. அதே சமயம் 320 என்பது சின்ன எண் இல்லை. பள்ளி நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டு. அந்தப் பள்ளி சொர்க்கமாகிவிடவில்லை. முப்பது பேரை நீக்கவும் செய்தார்கள். கண்டிப்பு அங்கே இருந்துகொண்டேதான் இருந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இது ஒரு சிறிய பள்ளியின் முன்–பின் கணக்கு. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பள்ளியை வைத்துச் செய்த சோதனை இல்லை. உறுதியான ஒரு தலைமை ஆசிரியர், மருத்துவ நிலையம், பயிற்சி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. பள்ளி முழுவதையும் இந்த முறைக்கு மாற்றியதன் விளைவை அளந்த ஆய்வுகளைத் திரட்ட 2019-இல் கேம்பெல் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு ஒன்று முயன்றது. அவர்கள் வைத்த தர அளவுகோலுக்கு ஒரே ஓர் ஆய்வுகூடத் தேறவில்லை. முறை தோற்றுப்போனது என்று இதற்கு அர்த்தம் இல்லை, இன்னும் சரியாக அளக்கப்படவில்லை என்றுதான் அர்த்தம். இந்த முறையை நம்புகிற நாமே இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் ஏன் நம்புகிறேன்? வெளியே அனுப்புவதால் பிள்ளை திருந்தும் என்பதற்கு என் இருபது வருடத்தில் ஒரு சாட்சியும் கிடைக்கவில்லை. சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்திருந்தவன் அந்த மூன்று நாளில் என்னிடம் எதையும் கற்கவில்லை.

அடி வாங்கிய பிள்ளை

இந்த முறையைப் பற்றிப் பேசினால் சக ஆசிரியர்கள் கேட்கிற முதல் கேள்வி: ‘அடிச்சவனுக்கு இவ்வளவு கரிசனம், அடி வாங்கினவளுக்கு என்ன?’ மிக நியாயமான கேள்வி. புருவத்தில் ரத்தம் வந்த அந்தப் பெண்ணுக்கும் பயந்த உடம்புதான். அடுத்த நாள் அதே பையன் ஒன்றுமே நடக்காத மாதிரி பக்கத்து வரிசையில் வந்து உட்கார்ந்தால், பள்ளி என்னைக் காப்பாற்றாது என்பதை அவள் கற்றுக்கொள்வாள். ஆகவே அவளிடமும் முதலில் கேட்க வேண்டும். எங்கே உட்கார்ந்தால் உனக்குத் தைரியமாக இருக்கும், அவன் என்ன செய்தால் உனக்குச் சரியாக இருக்கும் என்று. அவள் சொல்வதைச் செய்ய வைப்பதுதான் அவனுக்கான தண்டனையின் முக்கியப் பகுதியாக இருக்க வேண்டும். முட்டி போட வைப்பதைவிட இது கடினமான தண்டனை. முட்டி போட்டவன் யாருக்கும் எதையும் சரிசெய்து தர வேண்டியதில்லை.

2010, இங்கே

ஸ்போர்லெடர் அந்தப் பேச்சைக் கேட்ட அதே வசந்தத்தில், 2010 ஏப்ரல் 1 அன்று, இந்தியாவில் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-ஆம் பிரிவு உடலைத் துன்புறுத்துவதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 16-ஆம் பிரிவின்படி தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது. பள்ளியை விட்டு நீக்கும் விஷயத்தில், சட்டத்தின்படி நாம் லிங்கனை முந்தியவர்கள். ஆனால் பிரம்பைக் கீழே வைக்கச் சொன்னவர்கள் அந்தக் கையில் வேறு என்ன எடுப்பது என்று எங்களுக்குக் கற்றுத்தரவில்லை. அதனால் கரும்பலகையில் பெயர் எழுதுவது, வெயிலில் நிற்க வைப்பது, “டி.சி. வாங்கிட்டுப் போயிடு” என்று மிரட்டுவது, எல்லார் முன்னாலும் வீட்டைப் பற்றிப் பேசுவது என்று பிரம்பு வேறு வேறு உருவம் எடுத்தது.

கேட்க ஆரம்பிக்கிற ஆசிரியர் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ‘என்ன ஆச்சு’ என்ற கேள்விக்கு என்ன பதிலும் வரலாம். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று முன்கூட்டி வாக்குக் கொடுக்கக் கூடாது. பாலியல் கொடுமை என்று தெரிந்தால் போலீஸிலோ சிறார் காவல் பிரிவிலோ தெரிவிப்பது 2012-இன் போக்சோ சட்டப்படி கட்டாயம், மறைப்பது குற்றம். வேறு ஆபத்து என்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. பிள்ளையிடம் நேராகச் சொல்லலாம்: உன்னைப் பாதுகாக்க வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன், சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். வாக்கு மீறுகிற பெரியவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அவன் இப்படி ஆகியிருக்கிறான். நாமும் ஒரு வாக்கை மீறிவிடக் கூடாது.

ஸ்போர்லெடர் 2014-இல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு மற்றப் பள்ளிகளுக்குப் போய் இதைக் கற்றுத்தரத் தொடங்கினார்.

எங்கள் பள்ளியில் மருத்துவ நிலையமும் இல்லை, ஆலோசகரும் இல்லை. பழைய விளையாட்டுச் சாமான் அறை ஒன்று இருந்தது. போன ஜூனில் உடைந்த கேரம் போர்டுகளையும் காற்றுப் போன பந்துகளையும் வெளியே எடுத்து, சுண்ணாம்பு அடித்து, ஒரு பாயும் மண்பானையும் வைத்தோம். தையல் டீச்சர் தன் ஃப்ரீ பீரியடில் அங்கே உட்காருகிறார். கழற்றிப் போட்ட பழைய பொத்தான்கள் ஒரு பிஸ்கெட் டின் நிறைய அவரிடம் இருக்கின்றன. வருகிற பிள்ளை பேச வேண்டியதில்லை, அவற்றை நிறம் பிரித்துக்கொண்டிருக்கலாம். எட்டாம் வகுப்புப் பையன்கள்கூடப் பிரிக்கிறார்கள். வாசலில் ஒரு நோட்டு. வரும்போது கோபம் எத்தனை, போகும்போது எத்தனை என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் எழுத வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை ஒருவன் பெஞ்சைக் கவிழ்த்துவிட்டு வந்து 9 என்று எழுதினான். அடுத்த மணி அடித்தபோது 6 என்று எழுதினான். கவிழ்ந்ததில் ஒரு பிள்ளையின் தண்ணீர் பாட்டில் உடைந்திருந்தது. அதற்கு அவன் என்ன செய்ய வேண்டும் என்பதைத் திங்கட்கிழமை அந்தப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு பேசலாம் என்று தையல் டீச்சர் சொன்னார். சரி மிஸ் என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கணக்கு வகுப்புக்குப் போனான்.